பூம்ப்ளிஸ் கொண்டானின் மந்திரி

நான் ஒரு காலத்தில் அரசனாக இருந்தேன். இதை இதுவரை எழுத்தில் வெளியிட்டதில்லை. மனைவிக்குக்கூடக் கலியாணமாகிப் பல வருடங்கள் கழித்துத்தான் சொன்னேன். ஆட்சிப்பரப்பு, பேர்ண் நகரின் மேற்கே பூம்ப்ளிஸில், அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் நான்காம் மாடியில் மூன்று அறையும் ஒரு ஹோலும் குசினியும். குடிமக்கள் ஆறு பேர். கிரீடம், எங்களுக்கு முன் அங்கே இருந்த சுவிஸ் குடும்பம் அலுமாரிக்குள் மறந்துவிட்டுப் போன கேக் அச்சு. சுற்றிவர நெளிநெளியாக மடிப்பு விழுந்து நடுவில் குழாய் மாதிரி ஒன்று எழும்பியிருக்கும்; கவிழ்த்துப் பார்த்தால் செப்புச்சிலைகளின் தலையில் இருப்பதற்குக் கொஞ்சமும் குறையாது. பகிடிக்காகத்தான் சம்மதித்தேன் என்று கேட்டவர்களிடம் சொல்லி வந்திருக்கிறேன். பொய். அதைத் தலையில் வைத்தபோது எனக்குள் ஒரு கம்பீரம் புகுந்தது. குளியலறைக்குப் போய்க் கண்ணாடியில் பார்த்தேன். பக்கவாட்டிலும் திரும்பிப் பார்த்தேன்.

எனக்கு முடி சூட்டியவரைப் பற்றி எழுத வேண்டும் என்று கனகாலமாக யோசனை. பெயரைப் போடப் போவதில்லை. போட்டால் அவருக்குப் பிடிக்காது. எந்தக் காரியத்திலும் தன் பெயர் முன்னுக்கு வருவதை அவர் ஒரு தொழில்முறைத் தவறாகவே கருதினார். முகத்துக்கு நேரே நாங்கள் அவரை அண்ணை என்போம். முதுகுக்குப் பின்னால் மந்திரி. உண்மையில் முதுகுகள் எங்களுடையவை. பின்னால் நின்றது அவர்.

பாராளுமன்றக் கட்டடத்துக்கு முன்னால் நாங்கள் எல்லோருமாக நின்று எடுத்த படம் ஒன்று என்னிடம் இருக்கிறது. பல்லைக் காட்டிக்கொண்டு வரிசையாக நிற்கிறோம். என் தோளுக்கு மேலே ஒரு காதும் ஒரு குடையின் முனையும் தெரிகின்றன. அது அவர். பேருந்து வந்தால் கதவடியில் ஒதுங்கி நின்று இன்னொருவரை முதலில் ஏற்றிவிட்டுத்தான் காலை வைப்பார். கடையில் பணம் கட்டும் இடத்தில் என்னை முன்னே தள்ளிவிட்டு, காதுக்குள், "பை வேண்டாம் எண்டு சொல்லும்" என்பார். இத்தனைக்கும் எங்கள் எல்லோரையும்விட அவருக்குத்தான் டொச், அதாவது ஜெர்மன் மொழி, தெரியும். வந்த ஒரு வருடத்துக்குள் இலக்கணப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்துவிட்டார். ஆனால் எந்தச் சுவிஸ்காரரோடும் அவர் நேரே நின்று ஒரு வசனம் பேசி நான் கண்டதில்லை. அவர் கிசுகிசுப்பார், நான் சத்தமாகச் சொல்வேன். என் உச்சரிப்பில் அது வேறு ஏதோவாகி, பையோடு வீட்டுக்கு வருவோம்.

ஊரில் அவர் சரித்திர வாத்தியார். யாழ்ப்பாணத்து வடமராட்சிப் பக்கம் பள்ளிக்கூடம் ஒன்றில் படிப்பித்துக்கொண்டே, இடைக்காலத்து அரசர்களும் அவர்களுடைய அதிகாரமும் என்று ஓர் ஆய்வுக்குப் பதிந்திருந்தார். ஆய்வு முடியுமுன் ஊர் முடிந்துவிட்டது. நாற்பது வயதில் எங்களைப் போன்ற இருபத்துச் சொச்சங்களோடு அகதி விண்ணப்பம் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார். முடிக்காத ஆய்வு ஒரு மனிதனை என்ன செய்யும் என்று எனக்கு அவரைப் பார்த்துத்தான் தெரிந்தது. எதைக் கண்டாலும் அதற்குள் ஓர் இராச்சியத்தைக் கண்டுவிடுவார். அவருடைய சித்தாந்தம் ஒரே வரிதான்: "ஆளுறது வேறை, அரசனா இருக்கிறது வேறை." சோழர் காலத்தில் குளத்தை வெட்டியதும் வாய்க்காலைப் பிரித்ததும் வழக்குத் தீர்த்ததும் அந்தந்த ஊர்ச் சபைகள்தானாம். அரசனுடைய வேலை, தெரிகிற மாதிரி உட்கார்ந்திருப்பது. "ராசா எண்டவர் விளக்கு மாதிரி, தம்பி. எரிஞ்சால் காணும். சமையல் நடக்கிறது அடுப்பிலை."

நானும் அவரும் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவினோம். முதல் நாளே எனக்குப் பின்னால் நின்று அந்தக் குசினியின் ஆட்சிமுறையை விளக்கினார்.

"அந்த உயரத் தொப்பிக்காரன் சக்கரவர்த்தி. கத்துறான், சட்டியைத் தூக்கி எறியிறான். ஆனா ஒரு முட்டை வேணுமெண்டாலும் அந்த மனிசியிட்டைத்தான் கேக்கவேணும்."

அந்த மனிசி, களஞ்சிய அறைத் திறப்புக் கொத்தை இடுப்பில் கட்டியிருந்த இத்தாலியப் பெண். அவளை அவர் தொலைவிலிருந்தே ஒரு சக தொழிலாளிக்குரிய மரியாதையோடு பார்த்தார்.

"அப்ப முதலாளி, அண்ணை?"

"அவர் மூலவர். உள்ளுக்கை இருப்பார். வருசத்துக்கு ஒருக்கா வெளிவீதி வருவார்."

நத்தார்ப் பண்டிகைக்கு முதல்நாள் முதலாளி வந்து ஆளுக்கொரு சொக்கிலேட் பெட்டி தந்து கைகொடுத்துவிட்டுப் போனார். "பிரசாதம்" என்றது எனக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

சுவிற்சர்லாந்து அவரைப் படாத பாடு படுத்திய நாடு. தேவாலய மண்டபத்தில் எங்களுக்கு டொச் படிப்பித்த இளம் ஆசிரியையிடம் ஒருநாள், பின்னாலிருந்து வந்த கிசுகிசுப்பின்படி, இந்த நாட்டின் அரசர் யார் என்று கேட்டேன். அரசர் கிடையாது, ஏழு பேர் சேர்ந்து ஆள்கிறார்கள், அவர்களில் ஒருவர் முறைவைத்து ஒரு வருடத்துக்குத் தலைவர் என்றாள். "இப்ப ஆர் எண்டு கேள்" என்றது பின்னாலிருந்த குரல். கேட்டேன். ஆசிரியை வாயைத் திறந்தாள். ஜன்னலைப் பார்த்தாள். கரும்பலகையைப் பார்த்தாள். அடுத்த வகுப்பில் சொல்கிறேன் என்றாள்.

அன்று வீடு வரும்வரை அவர் தரையில் நடக்கவில்லை. "சிம்மாசனத்திலை இருக்கிறவன்ரை பேர் ரீச்சருக்கே தெரியேல்லை. நாடு ஓடுது. உலகத்திலை ஒருத்தனும் செய்யாத வேலை செய்திருக்கிறாங்கள், தம்பி. ராசாவை எடுத்துப்போட்டு ஏழு மந்திரியை மட்டும் வைச்சிருக்கிறாங்கள்." படியேறும்போது முகம் வாடிவிட்டது. "ஆனா முன்னுக்கு ஒருத்தனும் இல்லாட்டில் அந்த ஏழு பேரும் ஆருக்குப் பின்னாலை நிக்கிறது?"

இந்த நாட்டை இடைக்காலத்தில் மூன்று பேர் ஒரு புல்வெளியில் நின்று சத்தியம் செய்து தொடங்கினார்கள் என்ற கதையையும் அவர் வாசித்திருந்தார். அந்தக் காட்சி வரைந்த தபாலட்டை ஒன்றை வாங்கி வந்து மேசையில் வைத்துக் கனநேரம் பார்த்தார். "மூண்டு பேரும் முன்னுக்கு நிக்கிறாங்கள். இப்பிடி ஒரு நாடு துவங்கேலாது. நாலாவது ஆள் ஒருத்தன் இருந்திருப்பான். கீறினவன் விட்டிட்டான்."

இனி என் பட்டாபிஷேகத்துக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டிலும் முதலில் சுவிஸ் முறைதான். ஏழு பேர், ஏழு பேரும் சமம். விளைவு, சோற்றுப்பானையை யார் கழுவுவது என்ற வழக்கு மூன்றாவது நாளும் தீராமல் பானைக்குள் பூஞ்சணம் பிடித்தது. அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கட்டடத்தின் நிலவறையில் எல்லா வீட்டுக்கும் பொதுவாக ஒரு சலவை இயந்திரம் இருந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு கிழமைக்கு, அதாவது பதினாலு நாளுக்கு, ஒருநாள் முறை. ஏழு ஆம்பிளைகளின் அழுக்கு ஒரு நாளில் அடங்காது. எங்களோடு இருந்த தேவன், பேக்கரியில் வேலை செய்பவன், ஆளில்லாத நேரம் பார்த்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இயந்திரத்தை ஓடவிட்டான். பிறகு நாங்கள் இடுப்பில் கட்டும் ஏழு சாரத்தையும் பல்கனியில் காயப்போட்டான். அந்தத் தெருவில் அதற்கு முன் யாரும் ஞாயிற்றுக்கிழமை தோய்த்ததில்லை. சாரம் பறந்ததும் இல்லை.

கட்டடத்தைப் பராமரிப்பவர், அங்கே அப்வார்ட் என்பார்கள், மேலே ஏறி வந்தார். எங்களுக்காக மெதுவாகச் சொற்களை எண்ணி எண்ணிப் பேசினார். இன்னொரு முறை முறைப்பாடு வந்தால் வீட்டுக்காரர்களுக்கு அறிவிக்க வேண்டி வரும், அவர்கள் அகதிகளுக்கு வீடு ஒதுக்கும் உதவிக் கந்தோருக்கு அறிவிப்பார்கள், பிறகு நீங்கள் பழையபடி பங்கருக்குத்தான். அவர் அதைக் கோபத்தோடு சொல்லவில்லை. சங்கடத்தோடு சொன்னார். அதுதான் பயமாக இருந்தது.

பங்கர் என்றது, அணுகுண்டு விழுந்தால் ஒளிப்பதற்காக அந்த நாட்டுக்காரர் நிலத்துக்குக் கீழே கட்டி வைத்திருக்கும் கொங்கிரீட் காப்பிடம். குண்டு விழாததால் எங்களை வைத்திருந்தார்கள். மூன்றடுக்குக் கட்டில், ஜன்னலில்லாத சுவர், கைப்பிடிச் சக்கரம் வைத்த இரும்புக் கதவு. எங்களுக்கெல்லாம் அது வசதிக் குறைவு, அவ்வளவுதான். அண்ணைக்கு வேறு. ஒரு குளிர்காலம் முழுக்க அவர் அங்கே படுத்து நித்திரை கொள்ளவில்லை. கதவுக்கு வெளியே படிக்கட்டில் போர்வையோடு குந்தியிருப்பார். ஊரில் பதுங்குகுழிக்குள் என்ன நடந்தது என்று ஒருமுறை சொல்லத் தொடங்கினார். பிறகு தேத்தண்ணி ஊற்ற எழும்பிவிட்டார். 

அப்வார்ட் போன பிறகு அவர் கதவைச் சாத்திவிட்டு எங்கள் எல்லோரையும் பார்த்தார்.

"ஏழு பேர் பதில் சொன்னால் அது பதிலில்லை, சந்தை. இந்த வீட்டுக்கு ஒரு ராசா வேணும்."

"அப்ப நீங்களே இருங்கோவன்" என்றான் அந்தோனி. மன்னார்ப் பொடியன், எதையும் நேராக நினைப்பவன்.

"நானோ?" அவர் உண்மையாகவே திடுக்கிட்டார். "எனக்கு விசயம் தெரியும். விசயம் தெரிஞ்சவன் ராசாவா வரக்கூடாது." விரல் என் பக்கம் திரும்பியது. "இவன்தான் சரி. ஒண்டும் விளங்காட்டிலும் வடிவாச் சிரிக்கிறான். ஆர் என்ன சொன்னாலும் யா, யா எண்டுறான். இப்பிடி ஒரு முகம் நூறு வருசத்துக்கு ஒருக்காத்தான் வரும்."

தேவன், "சம்பளம் குறைஞ்சவனும் இவன்தான்" என்று தன் ஆதரவைத் தெரிவித்தான்.

கேக் அச்சு தலையில் இறங்கிய நிமிடத்திலிருந்து அண்ணை என்னை "நீங்கள்" என்றார். அதுவரை "டேய்" என்றும் அழைத்தவர். வெள்ளிக்கிழமைகளில் சாப்பாட்டுக்கு முன், அந்தக் கிழமை யார் யாருக்கு என்ன வேலை என்று சொல்வதற்கு முன்னுரையாக, கல்வெட்டுகளின் தலைப்பில் வருமே, அதைப் போல் ஒரு மெய்க்கீர்த்தி பாடுவார். கையைக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடி:

"பனிமலை வெண்குடை பாங்குற நிழற்ற,
மூன்றறை மாளிகை முழுவதும் ஆண்டு,
குளிர்பெட்டி வைகும் கோழிக்கால் காத்து,
அடுப்படிப் பகையை அடியொடு களைந்து,
பானை கழுவாப் பாதகர் நடுங்க
வீற்றிருந் தருளிய பூம்ப்ளிஸ் கொண்டான்
ஆணையின் படியே, தேவன் இந்தக் கிழமை கக்கூஸ்."

பானை கழுவப்பட்டது. கக்கூஸும்தான். அதுதான் வியப்பு. நான் ஒரு விரலைக்கூட அசைக்கவில்லை. அசைக்கக் கூடாது என்பது சட்டம். ஒரு முறை ஆர்வக்கோளாறில் ஒரு தேக்கரண்டியைக் கழுவப் போக, "தாங்கள் போய் இருங்கோ" என்று கையைப் பிடித்து விலக்கினார். கிட்டத்தட்டக் கோபம்.

ஞாயிற்றுக்கிழமைத் தடையையும் அவரே விளக்கினார். ஐரோப்பாவில் ஒரு காலத்தில் பிரபுக்கள் எந்நேரமும் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்களாம். தாங்க முடியாமல் திருச்சபை, ஞாயிற்றுக்கிழமையாவது வாளை எடுக்காதீர்கள் என்று விதித்ததாம். "பேந்து சண்டையை விட்டிட்டாங்கள். விதி சும்மா கிடந்தது. வாஷிங் மெஷினுக்கு மாத்திப்போட்டாங்கள்."

ஆனால் உள்நாட்டு அமைதி போதாது. வெளிவிவகாரம் வேண்டும் என்றார். அப்வார்ட் பேரரசர், நாங்கள் சிற்றரசு. சிற்றரசு பிழைக்க ஒரே வழி திறை கட்டுவது. ஒழுங்காகத் திறை வந்தால் பேரரசர் எல்லைக்குள் காலை வைக்க மாட்டார், சாரத்தை எண்ண மாட்டார். எனவே ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், பெரிய பீங்கான் தட்டில் மட்டன் ரோல்ஸ் அடுக்கி, கீழ்மாடிக்கு, அப்வார்ட் வீட்டுக்குப் போனோம். தட்டை அந்தோனி தூக்கினான். அவனுக்கு முன்னால் நான், எனக்கு அரை அடி பின்னால் மந்திரி. கதவைத் திறந்தது அப்வார்ட்டின் மனைவி. நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். திறை ஏற்கப்பட்டது.

திங்கட்கிழமை தட்டுத் திரும்பி வந்தது. அதன்மேல், பின்னல் மாதிரிப் பின்னிச் சுட்ட வெண்ணெய்ப் பாண் ஒன்று, இளஞ்சூட்டோடு.

மந்திரியின் முகம் வெளிறிவிட்டது. "திறைக்குப் பதில் வந்திருக்கு."

"பசிக்குது, வெட்டுங்கோ" என்றான் தேவன்.

"தொடாதை. உதின்ரை அர்த்தம் விளங்குதோ? திறையை வாங்கினால் வாங்கவேணும். அதே அளவுக்குத் திருப்பிக் குடுத்தால், நீயும் நானும் சமம் எண்டு அர்த்தம். சமமான ரெண்டு அரசுக்கிடையிலை ரெண்டு விசயம்தான் நடக்கும். ஒண்டு போர். இல்லாட்டிப் பெண்ணெடுக்கிறது." என்னைப் பார்த்தார். "அப்வார்ட்டுக்குப் பொம்பிளைப் பிள்ளை இருக்கோ?"

"ஒரு பூனை இருக்கு" என்றான் தேவன்.

அந்தோனி மெல்ல, "அண்ணை, வெறும் பீங்கானைத் திருப்பிக் குடுக்கக் கூடாது எண்டு எங்கடை அம்மாவும் சொல்லுறவ. அயலட்டையிலை இருந்து என்ன வந்தாலும் ஒரு பிடி சீனியெண்டாலும் போட்டுத்தான் அனுப்புவா" என்றான்.

"என்ரை அம்மாவும்தான் அனுப்புவா" என்றார் மந்திரி. "அது வீட்டு விசயம். இது அரசியல்."

அரசியல்படி திறையைக் கூட்டினோம். அடுத்த வெள்ளி ரோல்ஸோடு வடையும் போனது. ஆப்பிள் கேக் வந்தது. அதற்கடுத்த வெள்ளி கோழிக்கறியும் புட்டும். பெரிய பாணும் ஒரு வட்டச் சீஸும் வந்தன. மந்திரி ஒவ்வொரு திங்களும் திரும்பி வந்ததை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, "இன்னும் விட்டுக் குடுக்கிறாங்களில்லை" என்பார். குளிர்சாதனப் பெட்டி சீஸால் நிரம்பியது. அதன் மணத்தில் கோழிக்கால் வைக்கப் பயமாக இருந்தது. பேக்கரியில் பகல் முழுக்கப் பாண் சுட்டுவிட்டு வரும் தேவன், இரவில் அப்வார்ட் வீட்டுப் பாணைக் கடித்துக்கொண்டு, "எங்கடை ரோல்ஸ் எல்லாம் கீழை போகுது. நாங்கள் சுவிஸ்காரரா மாறிக்கொண்டு வாறம். உந்த ராசாவை இறக்கி வையுங்கோ" என்று கிளர்ச்சிக் குரல் எழுப்பினான். நான் அரசனுக்குரிய முறையில் எதையும் காணாததுபோல் ஜன்னலைப் பார்த்தேன்.

பிறகு ஒரு திங்கட்கிழமை தட்டு வந்தது. கழுவித் துடைத்து, வெறுமையாக.

 தட்டை மேசையில் வைத்துவிட்டு மந்திரி அதன் முன் உட்கார்ந்திருந்தார். அந்தோனிகூட அம்மாவை இழுக்கவில்லை. வெறும் தட்டுத் திரும்பி வந்தால் என்ன அர்த்தம் என்பது அவனுடைய அம்மாவின் அரசியலிலும் தெளிவானதுதான். "உறவு முறிஞ்சுது" என்றார் மந்திரி. "இனி ஆள் வரும்."

ஆள் வந்தது. அந்தச் சனிக்கிழமை காலை, சாம்பல் நிறச் சட்டையும் காதில் பென்சிலுமாக ஒருவர் மணியடித்தார். அரசன் முன்னே போகவேண்டுமே, நான் சாரத்தோடு போய்த் திறந்தேன். அவர் பேர்ண் பக்கத்துப் பேச்சில் கடகடவென்று ஏதோ சொன்னார். "யா, யா" என்றேன். உள்ளே வந்து, ஹோலின் தெருப்பக்கத்துக்கு நேரே நடந்து, சட்டைப்பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து இழுத்தார்.

"அளக்கிறான்" என்றது காதுக்குள் குரல்.

"என்னத்தையண்ணை?"

"எங்களை. ஆளுக்கு எத்தினை அடி எண்டு பாக்கிறான். சோழரும் கோல் வைச்சு நிலத்தை அளந்தவங்கள். அளக்காத வரைக்கும்தான் சிற்றரசு. அளந்தால் ஒண்டு வரி வரும், இல்லாட்டி எழுப்பி விடுவாங்கள். எங்களிட்டை வரிக்கு என்ன கிடக்கு?"

அந்த ஆள் எதையோ சிறு தாளில் குறித்துவிட்டு என் பக்கம் திரும்பி ஒரு கேள்வி கேட்டார். அதில் எனக்கு இரண்டு சொல்தான் பிடிபட்டது. மாத முடிவு. வெளியே. நான் என் வழக்கமான முகத்தை, நூறு வருடத்துக்கு ஒருமுறை வரும் அந்த முகத்தை, மலர்த்தி, "யா, யா" என்றேன்.

பின்னால் மூச்சு நின்றது எனக்குக் கேட்டது. பிறகு ஒரு தோள் என் தோளை உரசிக்கொண்டு கடந்தது.

அவருடைய முதுகை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். கொலர் பின்பக்கம் நைந்திருந்தது. அவர் குரலும் புதிதாக இருந்தது. இவ்வளவு காலமும் காதுக்குள் கேட்டது இவ்வளவு உரத்ததா என்று நினைத்தேன். புத்தகத்து டொச். ஒவ்வொரு வசனத்திலும் வினைச்சொல் கடைசியில் வந்து சேரும்வரை அந்த ஆள் நாடாவை இழுத்தபடி காத்துக்கொண்டு நின்றார். அன்று எனக்குப் பாதிதான் விளங்கியது. மீதியைப் பின்னர் தேவன் சொல்ல அறிந்தேன். மதிப்புக்குரிய ஐயா, இந்த இளைஞனுக்கு எந்த அதிகாரமும் கிடையாது, இவரை முகத்துக்காக வைத்திருக்கிறோம். இவர் சொல்லும் சம்மதம் சம்மதமல்ல. ஞாயிற்றுக்கிழமை உடுப்புத் தோய்த்ததற்குப் பொறுப்பு நான். வெள்ளிக்கிழமைத் தட்டுகளுக்கும் நான். இந்த வீட்டில் நடந்த எல்லாவற்றுக்கும் நான். நிலத்துக்குக் கீழே ஆள் போகவேண்டும் என்றால் என்னைக் கொண்டுபோங்கள். இவர்கள் இளம் ஆட்கள், இவர்களை மேலே இருக்க விடுங்கள்.

கடைசி வசனத்தில் அவருக்குக் குரல் உடைந்தது. இலக்கணம் உடையவில்லை.

நாடா "சர்" என்று தன் கூட்டுக்குள் ஓடியது. அந்த ஆள் எங்கள் ஏழு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "குட், குட்" என்றார். ஒரு பிரச்சினையும் இல்லை என்கிற மாதிரி இரண்டு கையையும் அசைத்தார். அண்ணையின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, மற்ற அறைகளை எட்டியும் பார்க்காமல், பின்பக்கமாகவே நடந்து வாசலைக் கடந்தார்.

ஒரு கிழமை காத்திருந்தோம். மாத முடிவும் வந்து போனது. எங்களை எழுப்ப யாரும் வரவில்லை. பங்கரும் இல்லை, அறிவித்தலும் இல்லை. அந்த வீட்டில் மேலும் மூன்று குளிர்காலம் இருந்தோம்.

மாத முடிவு தாண்டிய அன்று தேவன்கூட அவரைக் கட்டிப்பிடித்தான். ஆனால் அண்ணைக்குச் சந்தோசமில்லை. பந்தி வைத்தும் வந்து இருக்கவில்லை. குசினி வாசலில் நின்று, "மந்திரி முன்னுக்கு வந்தால் அதுக்குப் பேர் கவிழ்ப்பு" என்றார். "நான் எத்தினை வகுப்பிலை படிப்பிச்சனான். கடைசியிலை நானே செய்து போட்டன்." நான் ஏதோ ஆறுதல் சொல்லப் போக, "நீ போய் உலையைப் பார், பொங்கி வழியுது" என்றார். அந்த "நீ"யோடு என் வம்சம் முடிந்தது.

"அப்ப இனி நீங்கள்தானே அண்ணை ராசா" என்றான் அந்தோனி.

அவர் திரும்பித் தன் முதுகுப்பக்கம் பார்த்தார். "எனக்குப் பின்னாலை ஆரடா நிக்கிறது?"

 அடுத்த வெள்ளிக்கிழமை மெய்க்கீர்த்தி இல்லாமலே சோறு தின்றோம். ருசி குறைவாகத்தான் இருந்தது.

வதிவிட அனுமதி கிடைத்ததும் அவர் சூரிச்சுக்குப் பக்கத்து டீட்டிகோனுக்கு, ஒரு சாமான் களஞ்சிய வேலைக்குப் போனார். ஊரிலிருந்து மனைவி வந்து சேர்ந்தார். அங்கே ஒரு ஊர்ச் சங்கம் இருந்ததாகவும், அதன் தலைவர்கள் அடிக்கடி மாறியதாகவும், எந்தத் தலைவர் பேசினாலும் ஒரே ஆளின் வசனம் மாதிரி இருந்ததாகவும் கேள்விப்பட்டேன். விசாரிக்கவில்லை, விசாரிக்கத் தேவையிருக்கவில்லை. சில வருடங்களுக்கு முன் அவர் இறந்தபோது மரண அறிவித்தலில் போட முன்பக்கம் பார்த்த படம் ஒன்று கிடைக்காமல் வீட்டார் கஷ்டப்பட்டார்களாம். சாவீட்டில் நான் பேசினேன். பூம்ப்ளிஸில் ஏழு பேரை ஒரு பேச்சால் காப்பாற்றியவர் என்றேன். சனம் அழுதது. 

போன இலைதளிர் காலத்தில் பூம்ப்ளிஸ் பேருந்து நிறுத்தத்தில் அப்வார்ட்டின் மனைவியைச் சந்தித்தேன். தலை முழுக்க நரைத்து, கைத்தடியோடு இருந்தார். என்னை அடையாளம் கண்டது அவர்தான், "சிரிக்கிறவர்" என்றார். இப்போது எனக்கு அவருடைய பேச்சு நன்றாக வரும். முழுக் கதையையும் சொன்னேன். அரசன், மந்திரி, திறை, கோல், பேச்சு, எல்லாம். சாவீட்டில் சொன்னதைவிடக் கொஞ்சம் நன்றாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன். தட்டு வெறுமையாக வந்த கிழமை அவருக்கு மணிக்கட்டுச் சுளுக்கு, மாப் பிசைய முடியவில்லையாம்; அதற்காக இன்றைக்கும் வெட்கப்படுவதாகச் சொன்னார். பிறகு நெற்றியைச் சுருக்கிக்கொண்டு யோசித்தார்.

"சனிக்கிழமை வந்தவரா? அவர் ஜன்னல் அளக்க வந்த தச்சர். கட்டடம் முழுக்க மாற்றினோமே. மாத முடிவில் வேலை நடக்கிற அன்றைக்குப் பகலில் வெளியே போய் இருக்க முடியுமா என்று கேட்டாராம். அதற்கு யாரோ ஒரு பெரியவர் கண்கலங்கிவிட்டார் என்று கீழே வந்து எங்களிடம் சொல்லி, இனி அந்த வீட்டுக்குப் போகவே மாட்டேன் என்று விட்டார். உங்கள் வீட்டுக்கு மட்டும் கடைசிவரை பழைய ஜன்னல்தான். கவனிக்கவில்லையா?"